மறுமை இல்லையென்றால் அறம் நிற்குமா? கூடிப் பேச விரும்புவோர்க்கு ஒரு வழிகாட்டி

இறந்தபின் சொர்க்கமோ நரகமோ மறுபிறப்போ உண்டு என்ற நம்பிக்கை போய்விட்டால் மனிதர்கள் நேர்மையாக நடப்பார்களா என்ற கேள்வி பழனி மலை ஊர்களில் எங்கு வேண்டுமானாலும் எழக்கூடியது. கருமாதி வீட்டுத் திண்ணையில் எழும். தைப்பூசத்துக்கு நடந்து வருவோருக்கு அடிவாரத்தில் மோர் ஊற்றும் பந்தலில் எழும். பள்ளியில் நன்னெறி வகுப்பெடுக்கும் ஆசிரியரிடம் ஒரு மாணவி எழுந்து நின்று கேட்பாள். பெரும்பாலும் அந்தப் பேச்சு உடனே முடிந்துவிடுகிறது. "பயம் இருந்தால்தான் ஒழுங்காக இருப்பான்" என்பார் ஒருவர். "கோயிலுக்குப் போகிறவனெல்லாம் யோக்கியனா" என்பார் மற்றவர். அதற்குமேல் யாரும் பேசுவதில்லை. ஆனால் யார் மனமும் புண்படாமல், ஒரு மாலைப்பொழுது முழுவதும் இதைப் பொறுமையாகப் பேசிப் பார்க்க முடியும். ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்துவோரையும் ஆசிரியர்களையும் பெற்றோரையும் மனத்தில் கொண்டு, அதற்கான வழியை இங்கே எழுதுகிறேன்.

பேச்சை நடத்துபவர் தம் கருத்தை மறைக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். மறைத்தால் அது வேறு வழியில் வெளிப்பட்டுவிடும். ஆகவே என்னுடையதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிரில் நிற்பவரின் துன்பம் நம்மைத் தொடுவதில்தான் அறத்தின் வேர் இருக்கிறது என்று நம்புகிறேன். மறுமை நம்பிக்கை அந்த வேரிலிருந்து எழுந்த கொடிக்குப் பற்றுமரமாக நிற்கலாம்; தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் மிளகுக்கொடி நிழல்மரத்தைப் பற்றி ஏறினாலும் தன் நீரைத் தன் வேரால்தான் உறிஞ்சுகிறது. இதை ஏற்காதவர்களும் கூட்டத்தில் இருக்க வேண்டும். அவர்கள் இல்லாமல் இந்தக் கூட்டத்தை நடத்துவதில் பயனில்லை.

முதலில் கேள்வியைப் பிரியுங்கள்

"மறுமை இல்லையென்றால் அறம் உண்டா" என்ற ஒற்றை வரிக்குள் குறைந்தது மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. எது நல்லது, எது தீயது என்பதை நாம் எவ்வாறு அறிகிறோம் என்பது ஒன்று. அறிந்தபின் அதன்படி நடக்க நம்மைத் தூண்டுவது எது என்பது மற்றொன்று. நல்லவர் துன்பப்பட்டுச் சாகிறார், கொடியவர் சுகமாக வாழ்ந்து முடிக்கிறார். இந்தக் கணக்கை யார் நேர்செய்வது என்பது மூன்றாவது. கூட்டத்தில் ஒருவர் முதல் கேள்விக்கு விடை சொல்லும்போது மற்றவர் மூன்றாவதை நினைத்துக்கொண்டு மறுப்பார். இருவரும் ஒன்றையே பேசுவதாக எண்ணிக் கோபப்படுவார்கள். மூன்றையும் கரும்பலகையில் எழுதிவைத்து, பேசுகிறவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதை அவ்வப்போது சுட்டிக்காட்டினாலே பாதிச் சச்சரவு அடங்கிவிடும்.

கடவுள் நம்பிக்கையையும் மறுமை நம்பிக்கையையும் ஒன்றாகக் கட்டிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். சமணரும் பௌத்தரும் உலகைப் படைத்த கடவுளை ஏற்பதில்லை. ஆனால் வினைப்பயனையும் மறுபிறப்பையும் ஏற்கிறார்கள். மறுபுறம், விவிலியத்தின் பத்துக் கட்டளைகளில் சொர்க்கமும் இல்லை, நரகமும் இல்லை. தாய் தந்தையரை மதித்து நட என்ற கட்டளைக்கு அங்கே கூறப்படும் பயன், கடவுள் தரும் நாட்டில் வாழ்நாள் நீடிக்கும் என்பதுதான். அது இந்த மண்ணின் மேலேயே கிடைக்கும் பயன். கொடைக்கானலில் ஒரே தெருவில் கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. சபையாரும் முருக பக்தரும் இசுலாமியரும் வாழ்கிறார்கள் என்பதால், இந்த வேறுபாடுகளை நடத்துபவர் தெரிந்து வைத்திருப்பது மரியாதையும் ஆகும்.

கையருகே உள்ள ஒரு செயலிலிருந்து தொடங்குங்கள்

சொர்க்கத்தைப் பற்றிய பேச்சோடு தொடங்கினால் எல்லாரும் ஏற்கெனவே கேட்ட வாசகங்களையே திரும்பச் சொல்வார்கள். அதற்கு மாறாக, எல்லாருக்கும் தெரிந்த ஒரு செயலை நடுவில் வையுங்கள். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, வில்பட்டி ஆகிய ஊர்களில் இருப்போருக்கு நான் பரிந்துரைப்பது பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. சமவெளியில் கிடைக்கும் பூண்டைவிட அதற்கு விலை கூடுதல். மருந்துக்கு என்று தேடி வாங்குவோரும் உண்டு. ஒரு வியாபாரி வேறு இடத்துப் பூண்டைக் கலந்து மலைப்பூண்டு என்று சொல்லி, மறுநாளே ஊர் திரும்பிவிடும் சுற்றுலாப் பயணியிடம் விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவருக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை, அதிகாரி வரப்போவதில்லை, பக்கத்துக் கடைக்காரரும் பார்க்கவில்லை. இது தவறா?

கூட்டத்தினர் எல்லாருமே தவறு என்றுதான் சொல்வார்கள். அப்போது நீங்கள் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, ஏன் என்பது. விடைகளை எழுதிக்கொண்டே வாருங்கள். ஏமாந்தவரின் பணம் போயிற்று என்பார்கள். மருந்துக்கு வாங்கியவருக்கு அது உதவாமல் போகும் என்பார்கள். நேர்மையாகப் பயிரிட்ட விவசாயியின் விலை இறங்கும் என்பார்கள். வடுகபட்டிச் சந்தையில் மலைப் பூண்டுக்கே பெயர் கெடும் என்பார்கள். "மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்றும் ஒருவர் கட்டாயம் சொல்வார். அதையும் மற்றவற்றோடு எழுதுங்கள். பிறகு, அந்த ஒரு வரியை மட்டும் கையால் மறைத்துவிட்டு, எஞ்சிய காரணங்கள் செயலைத் தவறு என்று காட்டப் போதுமா என்று கேளுங்கள். அதன்பின் எதிர்மாறாகச் செய்யுங்கள்: மற்ற எல்லா வரிகளையும் மறைத்துவிட்டு, யாருக்கும் எந்த இழப்பும் இல்லாத ஒரு செயலை மேலே இருப்பவன் ஏன் தண்டிக்க வேண்டும் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியில்தான் கூட்டம் மௌனமாகி யோசிக்கத் தொடங்கும். பிளேட்டோ எழுதிய உரையாடல் ஒன்றில், புனிதமானது என்பதால் ஒன்றைத் தெய்வங்கள் விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால்தான் அது புனிதமாகிறதா என்று சாக்ரட்டீசு யூத்திஃப்ரோவிடம் கேட்பது இதே முடிச்சுதான். பெயர்களைச் சொல்லாமலே உங்கள் கூட்டம் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கும்.

பிள்ளைகள் இருக்கும் கூட்டமாக இருந்தால் இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. லாரி நூச்சி, எலியட் டூரியல் என்ற இரு உளவியலாளர்கள் ஆமிஷ், மெனோனைட் கிறித்தவப் பிள்ளைகளிடமும் யூதப் பிள்ளைகளிடமும் நடத்திய ஆய்வை 1993-இல் வெளியிட்டார்கள். ஓய்வுநாளில் வேலை செய்யக் கூடாது போன்ற ஒரு விதியைக் கடவுள் இடாமலே இருந்திருந்தால் அதைச் செய்வது சரியா என்று கேட்டபோது, பிள்ளைகளில் பெரும்பாலோர் சரிதான் என்றார்கள். திருடக் கூடாது, அடிக்கக் கூடாது என்ற விதிகளைக் கடவுள் இடாமல் இருந்திருந்தால் என்று கேட்டபோது, அப்போதும் தவறுதான் என்றார்கள். மிகுந்த சமயப் பற்றோடு வளர்க்கப்பட்ட பிள்ளைகள் தந்த விடை இது. நம் ஊருக்கு ஏற்றபடி நீங்களும் கேட்கலாம்: பாதயாத்திரைக்குச் செருப்பணிந்து வரலாம் என்று முருகனே சொல்லிவிட்டால் அணியலாமா? உன் தோழியின் பென்சில் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று முருகனே சொன்னால் எடுத்துக்கொள்ளலாமா? இரண்டாவது கேள்விக்கு "முருகன் அப்படிச் சொல்லவே மாட்டார்" என்று ஒரு குழந்தை விடை சொல்லும். அந்த விடையை விட்டுவிடாதீர்கள். சொல்லமாட்டார் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று அன்போடு கேளுங்கள். எடுப்பது கெட்டது என்பது அந்தக் குழந்தைக்கு முன்னரே தெரிந்திருக்கிறது, அதை வைத்துத்தான் தெய்வத்தையும் அது அறிந்துகொள்கிறது.

நம் மலையின் பாட்டை வாசியுங்கள்

இந்தக் கேள்விக்கு ஐரோப்பிய மெய்யியலைத் தேடிப் போகும் முன், காலடியிலேயே கிடக்கும் பாட்டு ஒன்றை வாசிக்க வேண்டும். பழனி மலைநாட்டை ஆண்ட ஆவியர் குடித் தலைவன் வையாவிக் கோப்பெரும் பேகன், குளிரில் நடுங்குகிறது என்று எண்ணி மயிலுக்குத் தன் போர்வையை ஈந்தவன். அவனைப் பற்றிப் பரணர் பாடிய புறநானூற்று 141-ஆம் பாட்டின் இறுதியில் இப்படி வருகிறது:

எத்துணை ஆயினும் ஈத்தல் நன்றென,
மறுமை நோக்கின்றோ அன்றே, பிறர்
வறுமை நோக்கின்று அவன் கைவண்மையே.

பேகனின் கொடை மறுமையை நோக்கியது அன்று, பிறர் வறுமையை நோக்கியது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டபின் விளக்கவுரை தேவையில்லை. ஆனாலும் பாட்டைக் கூட்டத்தில் இரண்டு முறை உரக்க வாசியுங்கள். அதே பாட்டில், மயில் உடுத்தவும் போர்த்தவும் செய்யாது என்பதை அறிந்திருந்தும் அவன் கொடுத்தான் என்று பரணர் சொல்லும் வரியையும் விட்டுவிடாதீர்கள். பயன் பற்றிய கணக்கே அந்தச் செயலில் இல்லை. பேகனைப் போலவே மற்றொரு வள்ளலான ஆய் அண்டிரனையும், இப்பிறப்பில் செய்தது மறுபிறப்புக்கு உதவும் என்று எண்ணும் "அறவிலை வணிகன்" அல்லன் என்று உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடுகிறார் (புறம் 134). சான்றோர் சென்ற நெறி அது, ஆகவே அவனும் சென்றான் என்பதே அங்கே கூறப்படும் காரணம். மேலுலகம் இல்லையென்றாலும் ஈதலே நன்று என்ற குறளும் (222) இவற்றோடு சேர்த்து வாசிக்கத்தக்கது.

பேகன் கதையின் மறுபாதியைப் பலரும் சொல்வதில்லை. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. மயிலுக்கு இரங்கிய அதே பேகன் தன் மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரக் கண்ணகி அல்லள்) பிரிந்து அவளைத் துன்பத்தில் விட்டிருந்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் அவனிடம் அதற்காகப் பாடினார்கள். அவனுடைய கொடையைப் புகழ்ந்த பரணரே, பசித்து வரவில்லை, எங்களுக்குச் சுற்றத்தின் சுமையும் இல்லை, அறம் செய்வாயாக, இன்றிரவே தேரேறிச் சென்று துன்பத்தில் உறைபவளின் துயரைக் களைவதுதான் நாங்கள் கேட்கும் பரிசில் என்று பாடுகிறார் (புறம் 145). ஓர் அரசன் செய்த தவற்றை அவன் முகத்துக்கு நேரே சொல்லும் பாட்டு இது. இதில் நரகம் பற்றிய மிரட்டல் இல்லை, அடுத்த பிறவி பற்றிய எச்சரிக்கையும் இல்லை. அங்கே ஒருத்தி அழுகிறாள், நீ இரக்கம் உள்ளவன், போ என்பதே முழு வாதமும். மறுமையைக் கூறாமல் ஒருவரை அறத்தின் பக்கம் திருப்ப முடியுமா என்று உங்கள் கூட்டத்தில் யாராவது ஐயப்பட்டால், இந்தப் பாட்டை அவர் கையில் கொடுங்கள். குடும்ப வன்முறையைப் பற்றிப் பேசத் தயங்கும் ஊர்களில் இந்தப் பாட்டு வேறொரு வாசலையும் திறந்துவிடும். அப்படித் திறந்தால் அந்த மாலையின் தலைப்பை மாற்றிக்கொள்ளத் தயங்காதீர்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்தப் பாட்டுகளைக் காட்டிச் சங்க காலத்தவர் மறுமையை நம்பவில்லை என்று சொல்லிவிடாதீர்கள், அது உண்மையன்று. புறநானூற்றிலேயே மேலுலக இன்பத்தைக் கூறும் பாடல்கள் பல உண்டு. மேலுலகம் இல்லெனினும் என்று பாடிய வள்ளுவரே, உலகத்தார் உண்டு என்பதை இல்லை என்பவன் வையத்துப் பேயாகக் கருதப்படுவான் என்றும் (850) பாடியிருக்கிறார். நம்பிக்கை இருந்த ஒரு சமூகத்தில், அந்த நம்பிக்கையைக் காரணமாக்காத அறத்தை மேலானதாகப் புகழ்ந்தார்கள் என்பதே இவற்றிலிருந்து நியாயமாகப் பெறக்கூடிய முடிவு. அந்த அளவே போதுமானது, அதுவே வலிமையானதும்கூட.

எதிர்வாதத்தை அதன் முழு வலிமையோடு வையுங்கள்

நடத்துபவரின் நேர்மை இந்த இடத்தில்தான் தெரியும். மறுமை வேண்டும் என்போரின் வாதத்தை அவர்களே சொல்வதைவிட நன்றாக நீங்கள் சொல்ல வேண்டும்.

ஆங்கிலேய மெய்யியலாளர் ஜான் லாக், 1689-இல் வெளியான சமயப் பொறை பற்றிய தம் கடிதத்தில், கடவுளை மறுப்போரைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்றார். வாக்குறுதியும் உடன்படிக்கையும் சத்தியமும் அவர்களைக் கட்டுப்படுத்தா என்பது அவர் தந்த காரணம். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1682-இல், பிரெஞ்சுக்காரரான பியேர் பெய்ல் கடவுள் நம்பிக்கையற்றோரின் சமூகமும் ஒழுங்காக வாழ முடியும் என்று எழுதியிருந்தார். லாக்கின் அச்சம் இன்று நம் நீதிமன்றங்களில் விடைபெற்றுவிட்டது: 1969-ஆம் ஆண்டின் சத்தியப்பிரமாணச் சட்டப்படி சாட்சி கடவுள் பெயரால் ஆணையிடலாம், விரும்பாதவர் உளமார உறுதி கூறலாம், சட்டம் இரண்டையும் சமமாகவே ஏற்கிறது. ஆனால் மக்கள் மனத்திலிருந்து அந்த அச்சம் போய்விடவில்லை. 34 நாடுகளில் 2019-இல் பியூ ஆய்வு மையம் நடத்திய கணிப்பில், ஒழுக்கத்தோடு வாழக் கடவுள் நம்பிக்கை தேவை என்று சொன்னோரின் இடைநிலை விழுக்காடு 45. சுவீடனில் அது 9 மட்டுமே. நம் கேள்வி மறுமையைப் பற்றியது, அந்தக் கணிப்பு கடவுளைப் பற்றியது என்பதையும் கூட்டத்தில் சொல்லுங்கள்.

அச்சத்துக்கு ஆதரவான தரவும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. அசீம் ஷரீஃப், மிச்கே ரெம்துல்லா ஆகியோர் 67 நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நரகத்தை நம்புவோர் கூடுதலாக உள்ள நாடுகளில் குற்ற விகிதம் குறைந்தும், சொர்க்கத்தை நம்புவோர் கூடுதலாக உள்ள நாடுகளில் அது மிகுந்தும் காணப்பட்டது. இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. என்றாலும் தண்டனை பற்றிய அச்சம் சில கைகளைத் தடுக்கிறது என்று நம்புவோருக்கு அந்த ஆய்வு வலுச்சேர்க்கிறது. அதை ஒப்புக்கொண்டு, அச்சத்தால் தடுக்கப்பட்ட கை நல்ல கை ஆகிவிடுமா என்று அடுத்து கேட்கலாம். ஆனால் ஏமாற்றப்படாமல் தப்பியவருக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றாது என்று ஒருவர் திருப்பிச் சொன்னால், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மிகவும் வலிமையான எதிர்வாதம் இவற்றில் எதுவும் அன்று. அது மூன்றாவது கேள்வியிலிருந்து வருவது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் பெரும்பாலோர். அதற்காகத் தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்கள் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார்கள். அந்தக் குழந்தைகளுக்கு இந்த உலகத்தில் இனி எந்த நீதியும் செய்ய முடியாது. மறுமை உண்டு என்று ஒருவர் சொல்லும்போது, பரிசுக்கு ஆசைப்பட்டுச் சொல்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். அந்த 44 பேரின் கதை அந்தக் குடிசையோடு முடிந்துவிடக் கூடாது என்ற தவிப்பில் அவர் சொல்லலாம். நல்வாழ்வும் நல்லொழுக்கமும் என்றேனும் பொருந்தியே ஆக வேண்டும் என்ற எண்ணத்திலிருந்துதான் ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1788-இல் ஆன்மாவின் அழியாமையை அறிவு ஏற்கவேண்டிய ஒரு கோட்பாடாக வைத்தார். அவரும் கடமை எது என்பதை அதிலிருந்து பெறவில்லை. இந்தத் தவிப்புக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. இறந்தோருக்கு நீதி கிடைக்க வேண்டும் என்ற ஏக்கம் அறவுணர்விலிருந்தே பிறக்கிறது, ஆகவே அறவுணர்வு அந்த நம்பிக்கைக்கு முந்தியது என்று மட்டும் சொல்ல முடிகிறது. இதைச் சொல்லிக் கூட்டத்தை அவசரமாக அடுத்த பகுதிக்கு நகர்த்திவிடாதீர்கள்; இங்கே மக்கள் பேசட்டும்.

நம்பிக்கை அறத்துக்குத் தடையாகும் இடம்

மோட்டார் சாலை வருவதற்கு முன், கொடைக்கானலுக்கு வந்த ஐரோப்பியர் பலர் அடிவாரத்திலிருந்து கூலியாட்களின் தோளில் நாற்காலியிலும் டோலியிலும் சுமக்கப்பட்டு மலையேறினார்கள். அந்தக் காட்சியைக் கூட்டத்தின் முன் வைத்துவிட்டு, அறத்தாறு இதுவென வேண்டா, சிவிகை பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை என்ற குறளை (37) வாசியுங்கள். சிவிகையை, அதாவது பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஊர்பவனையும் பார்த்தாலே முன் செய்த அறத்தின் பயன் விளங்கும் என்று பரிமேலழகர் உரை செல்கிறது. அவர்களைக் காட்டி அறத்தின் வழி இதுதான் என்று சொல்லாதே என்று பொருள் கொள்வோரும் உண்டு. எந்த உரை சரி என்று தீர்ப்பது இங்கே நம் வேலை அன்று. முதல் உரையை ஏற்றுக்கொண்ட ஒருவர், மூச்சு வாங்கிக்கொண்டு மலையேறும் தொழிலாளியைப் பார்க்கும்போது அவர் மனத்தில் என்ன நிகழும் என்று கேளுங்கள். முற்பிறவி வினை என்ற எண்ணம் சிலருக்குத் தம் துன்பத்தைத் தாங்கும் வலிமையைத் தருகிறது. அதே எண்ணத்தைப் பிறர் துன்பத்தின்மேல் வைக்கும்போது அது நம் கையைக் கட்டிப்போடுகிறது. தாழ்த்தப்பட்ட மக்களிடம் நூற்றாண்டுகளாக இது சொல்லப்பட்டிருக்கிறது என்பதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். தன் வினையைப் பற்றி ஒருவர் எண்ணிக்கொள்வதற்கும், அடுத்தவரின் வினையைப் பற்றி அவர் தீர்ப்புச் சொல்வதற்கும் இடையே ஒரு கோடு போட்டுக்கொள்ளும்படி கூட்டத்தைக் கேட்கலாம். பக்தர்களும் இதை எளிதில் ஏற்கிறார்கள்.

நம்புவோர் தம் மரபிலிருந்தே பேசட்டும்

இந்தப் பேச்சு நம்பிக்கையாளருக்கும் மறுப்பாளருக்கும் இடையிலான போட்டியாக மாறாமல் இருக்க ஒரு வழி, மறுமைப் பயனை எதிர்பாராத அறத்தை ஒவ்வொரு சமயமும் தனக்குள்ளேயே போற்றியிருப்பதைக் கவனிக்கச் செய்வது. சைவர் ஒருவர் இருந்தால், கூடும் அன்பினில் கும்பிடலே அன்றி வீடும் வேண்டாதவர்கள் என்று சேக்கிழார் அடியார்களைப் பாடியதை அவரே சொல்லட்டும். கிறித்தவர் ஒருவர் மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தை வாசிக்கட்டும்: பசித்தவருக்கு உணவளித்தோர், ஆண்டவரே, எப்போது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம் என்று வியந்து கேட்கிறார்கள். பரிசைப் பெறுபவர்கள் பரிசை எண்ணிச் செய்யவில்லை என்பது அந்தக் கதையின் உள்ளேயே இருக்கிறது. இசுலாமியர் ஒருவர், சொர்க்கத்தை எரிக்கத் தீயையும் நரகத்தை அணைக்க நீரையும் ஏந்திச் சென்றதாகச் சொல்லப்படும் பஸ்ராவின் சூஃபி ஞானி ராபியாவை நினைவூட்டலாம்.

பக்கத்து நீலகிரியிலிருந்தும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். படகர் சமூகத்தின் இறுதிச்சடங்கில், இறந்தவர் செய்திருக்கக்கூடிய பிழைகளை மூத்தவர் ஒருவர் வரிசையாகச் சொல்லி, அவை நீங்கி அவர் நல்லபடியாக அவ்வுலகம் சேர வேண்டும் என்று வேண்டும் வழக்கத்தை இனவியலாளர் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் வெளியிட்ட தம் தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறார். எல்லைக்கல்லைப் பெயர்த்தது, பசித்தவருக்கு உணவிடாதது, குளிரில் விறைத்தவருக்கு நெருப்புக் கொடுக்காதது, வழி கேட்டவருக்குத் தவறான பாதையைக் காட்டியது, மருமகளைத் துன்புறுத்தியது, தண்ணீரை அழுக்காக்கியது என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. கிரகணம் தொடர்பானவை போன்ற சடங்குப் பிழைகளும் அதில் உண்டு என்றாலும், பெரும்பகுதி அடுத்த வீட்டாருக்கும் வழிப்போக்கருக்கும் செய்த தீங்குகள்தான். மறுவுலகப் பயணத்துக்கான வேண்டுதலே ஆனாலும், எது பாவம் என்பதை அந்த மக்கள் தங்கள் குளிரிலிருந்தும் காட்டுப்பாதையிலிருந்தும் கற்றிருக்கிறார்கள். குளிர்காலத்து மன்னவனூரில் ஓர் இரவைக் கழித்தவருக்கு, நெருப்புக் கொடுக்காதது ஏன் பாவம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பேசும் முறை பற்றிச் சில

எவரையும் நீங்கள் நம்புகிறீர்களா இல்லையா என்று நேரடியாகக் கேட்காதீர்கள். சிறிய ஊரில் அந்த விடை ஒருவரின் திருமணப் பேச்சு வரை பின்தொடரும். எட்டுப் பேருக்குக் குறையாமலும் பதினைந்து பேருக்கு மிகாமலும் இருந்தால் எல்லாரும் பேச வாய்ப்புக் கிடைக்கும். பெண்கள் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் கூட்டமாக இதை ஆக்கிவிடாதீர்கள். கண்ணகியைப் பற்றிய பாட்டை ஒரு பெண் வாசிப்பதும் ஆண் வாசிப்பதும் ஒன்றல்ல.

அண்மையில் வீட்டில் ஒருவரை இழந்தவர் கூட்டத்தில் இருப்பது தெரிந்தால் தலைப்பையே தள்ளிவையுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், அவன் சாமிகிட்டத்தான் இருக்கான் என்று சொல்வது வாதம் அன்று. அதை மறுக்கவும் வேண்டாம், ஆதாரமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

குழந்தை தனியாகக் கேட்டால் இரண்டு கேள்விகளையும் பிரித்தே விடை சொல்லுங்கள். "பாட்டி எங்கே போனாங்க" என்பதற்கு உங்கள் வீட்டின் நம்பிக்கை எதுவோ அதை, நாங்கள் இப்படி நம்புகிறோம் என்ற சொற்களோடு கூறலாம். "நரகம் இல்லைன்னா ஏன் பொய் சொல்லக் கூடாது" என்பதற்கு நரகத்தைப் பற்றிய விடையைத் தராதீர்கள். போன வாரம் அண்ணன் உன்னிடம் பொய் சொன்னபோது உனக்கு எப்படி இருந்தது என்று கேட்டு, அது பதில் சொல்லும்வரை காத்திருங்கள். பாட்டி மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லி மிரட்டுவதை மட்டும் தவிர்க்கும்படி வேண்டுகிறேன். இறந்தவர் மேல் உள்ள அன்பை அச்சமாக மாற்றும் உரிமை நமக்கு இல்லை.

முடிவில் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து இரண்டு வினாக்களை எழுதச் சொல்லுங்கள். மறுமை இல்லை என்று இன்றிரவு உறுதியாகத் தெரிந்தால் நாளை நீங்கள் எதைச் செய்வதை நிறுத்துவீர்கள்? மறுமை உண்டு என்று உறுதியாகத் தெரிந்தால் நாளை எதைப் புதிதாகத் தொடங்குவீர்கள்? தாள்களை வாங்கவும் வேண்டாம், படித்துக்காட்டச் சொல்லவும் வேண்டாம்; அவரவர் வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். அடுத்த கூட்டம் வேண்டும் என்று கேட்டால் கோப்பெருஞ்சோழனின் பாட்டை (புறம் 214) எடுத்துக்கொள்ளலாம். நல்வினை செய்வோமா என்று ஐயப்பட்டுக்கொண்டே இருப்போரிடம், மேலுலக இன்பம் இருந்தால் அதுவும் கிட்டும், அது இல்லையெனில் மறுபிறப்பு இல்லாமற்போதலும் கூடும், அப்படி மாறிப் பிறவாவிட்டாலும் தீதற்ற உடம்போடும் நிலைத்த புகழோடும் மாய்வது மிகச் சிறந்தது என்று அவன் வாதிடுகிறான். புகழுக்காகச் செய்வதும் ஒரு வகையில் பயன் கருதுவதுதானே என்று யாராவது கேட்பார்கள். அடுத்த கூட்டத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள்.